சமநிலைக் குடும்பம்

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். திண்டுக்கல்லில் அரசாங்க அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒரு புங்கை மரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஆண்டனிராஜ். என் மனுவுக்கு இந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. மற்றவர்கள் என்ன வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். நான் என்ன இல்லை என்று ஆரம்பிப்பேன். வீடு இல்லை, வாசல் இல்லை, வண்டி இல்லை, கேட்க நாதி இல்லை என்று ஒரு பக்கம் முழுக்க அடுக்கிக்கொண்டு போய், கடைசி இரண்டு வரியில் 'ஆகவே' போட்டு வேண்டியதைக் கேட்பேன். படிக்கிற அதிகாரி அதற்குள் சோர்ந்திருப்பார், கையெழுத்தைப் போட்டுவிடுவார். கொஞ்சம் இருக்கிறவர்களுக்கும் நான் இல்லை என்றுதான் எழுதுவேன். அதைப் பொய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மனு என்றால் அப்படித்தான் என்று எழுதுகிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

ஒச்சப்பன் விஷயத்தில் அதை ஒருவர் நம்பிவிட்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஒச்சப்பன் சாணார்பட்டிக்குக் கிழக்கே, ஊரை விட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி, மழையை நம்பிய ஒரு ஏக்கரில் சோளமும் மொச்சையும் போட்டுக் குடியிருப்பவர். வயது அறுபதைத் தொடும். அவர் மனைவி சின்னக்கண்ணு, பக்கத்து நூல் மில்லின் கழிவுப் பஞ்சுக் குடோனில் பத்தொன்பது வருஷம் பஞ்சு பிரித்தவள். பஞ்சில் பாதி மூட்டைக்குப் போயிற்று, மீதி அவள் நெஞ்சுக்குப் போயிற்று. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மில்லில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இரக்கப்பட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றை இரவலாகக் கொடுத்திருந்தார். பெட்டிக்குக் கரண்டு வேண்டும். ஒச்சப்பன் வீட்டில் கரண்டு கிடையாது. மூன்று கம்பம் நட்டால் வந்துவிடும்.

"பகல்ல நத்தம் ரோட்டுல சைதூன் டீக்கடையில சொருகிக்கிறோம் தம்பி," என்றார். "அங்க பெஞ்சிதான் இருக்கு, உக்கார மட்டுந்தான் முடியும். ராத்திரி வீட்ல பெட்டி சும்மா கெடக்கு. படுத்தா மூச்சு அடைக்குதுன்னு நாலு மாசமா உக்காந்தேதான் தூங்குறா. லைட்டு, ஃபேனு எதுவும் வேண்டாம். அந்தப் பெட்டி ஓடுனாப் போதும், அவ ஒரு ராத்திரி படுத்துத் தூங்கிருவா."

இதைக் கேட்டதும் எனக்குப் பரிதாபம் வந்தது. கூடவே, நல்ல மனு ஒன்று கையில் சிக்கியது என்ற சந்தோஷமும் வந்தது. தொழில் புத்தி அப்படி. அன்றைக்கு நான் எழுதியதில் முப்பத்தொரு 'இல்லை' இருந்தது. மின்விசிறி இல்லை, மிக்சி இல்லை, டி.வி. இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, சைக்கிளும் இல்லை, ஆடு மாடு இல்லை, கேஸ் அடுப்பு இல்லை, இதுவரை மதுரைக்கு மேல் பிரயாணம் செய்ததில்லை. ஆகவே கருணை கூர்ந்து ஒரு மின் இணைப்பு.

ஊருக்கு வெளியே புது இணைப்பு கேட்டால் முதலில் சமநிலை வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று மனுவை அங்கே திருப்பிவிட்டார்கள். சமநிலை வாரியம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. மாவட்டம் வளரவும் வேண்டும், புகை கூடவும் கூடாது என்று பார்த்துக்கொள்வதற்கான வாரியம் அது. ஒரு புளியந்தோப்பை வெட்டிக் கட்டிய கண்ணாடிக் கட்டடம். வெயில் நேராக உள்ளே விழுவதால் பன்னிரண்டு ஏசி. ஒவ்வொரு ஏசிக்குக் கீழேயும் 'தேவையற்ற நேரத்தில் அணைக்கவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தேவையற்ற நேரம் எது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்திருப்பதாகவும், அந்தக் குழு மூன்றாவது மாடியில் கூடிக்கொண்டிருப்பதாகவும் வாசலில் இருந்த காவலாளி சொன்னான்.

வாரியத்தின் இயக்குநர் மோகன்குமார் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஓர் அதிகாரி உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையில் என் மனு இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். எழுந்து என் கையைக் குலுக்கினார். பிறகு வாரியம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். சாணார்பட்டிப் பக்கத்து மில் தனக்கென்று நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் கட்டியிருக்கிறது. அது விடப்போகும் புகைக்கு ஈடாகப் புகையே விடாத எதையாவது மறுபக்கம் காட்ட வேண்டும். மரம் நட்டுக் காட்டலாம். ஆனால் மரம் வளர வருஷக்கணக்காகும், தண்ணீர் ஊற்ற வேண்டும், வேலி போட வேண்டும். ஏழைகளிடம் அந்தத் தொல்லை இல்லை, அவர்கள் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறார்கள். ஆனால் இந்தக் காலத்து ஏழைகளிடமும் ஒரு செல்போன், ஒரு ஃபேன், ஒரு பழைய பைக் இருந்து தொலைக்கிறது. சுத்தமான ஆள் கிடைப்பதில்லை. எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒச்சப்பன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கம்பம் எப்போது நடுவீர்கள் என்றார்.

மோகன்குமாருக்கு முகம் வாடிப்போயிற்று. "பெரியவரே, கரண்டு குடுத்துட்டா அப்புறம் உங்ககிட்ட என்ன இருக்கு? பத்தோட பதினொண்ணு ஆயிருவீங்க. இன்னைக்கு இந்த மாவட்டத்திலேயே முதல் இடத்துல இருக்கீங்க. அதை விட்டுட்டுப் போய் யாராச்சும் கம்பம் கேப்பாங்களா?"

"முதலெடம் வேண்டாஞ் சார். பெட்டி ஓடுனாப் போதும்."

தன்னடக்கம் என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நான்கு கார்களில் ஆய்வுக்கு வந்தார்கள். ஒன்றுமில்லாத வீட்டைப் பார்க்க நான்கு கார் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இல்லாதவை முப்பத்தொன்று இருந்தன, ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஆள் வேண்டும். அளவீட்டு அலுவலர் புவனேஸ்வரி பட்டியலைச் சத்தமாகப் படித்தார். சின்ன வயசு, பெரிய படிப்பு, சிரித்த முகம். 'மின்விசிறி' என்பார். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்து 'இல்லை' என்பார். 'மிக்சி' என்பார். இன்னொருவர் அடுப்படிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'இல்லை' என்பார். ஒவ்வொரு இல்லைக்கும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. கல்யாண வீட்டில் சீர்வரிசை எடுத்து வைக்கிறபோதுகூட அப்படி ஒரு குதூகலத்தை நான் பார்த்ததில்லை.

'ஆடு மாடு' என்று படித்தபோது வீட்டுக்குப் பின்னால் ஆடு கத்தியது.

இரண்டு வெள்ளாடு. மனு எழுதும்போதே ஒச்சப்பன் என்னிடம் சொல்லியிருந்தார், நான்தான் வழக்கப்படி இல்லை என்று போட்டிருந்தேன். புவனேஸ்வரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆடு அசைபோட்டு ஏப்பம் விடுகிறது, அந்த ஏப்பத்தில் வரும் வாயு புகையைவிட மோசம். மனு பொய் என்றால் வழக்குப் போட வேண்டிவரும். மனு உண்மை என்றால் ஆடு இருக்கக் கூடாது. இரண்டில் எது வசதி என்று கேட்டார். ஒச்சப்பன் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். மறுநாள் இரண்டும் சந்தைக்குப் போயின. என் மனுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. வெட்கத்தை விட்டு அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுப்பு விறகடுப்பு. ஒரு வேளை மட்டும் பற்றவைத்து அதையே இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று புவனேஸ்வரி கேட்டார். "அப்படித்தான தாயி ஓடிக்கிட்டிருக்கு," என்றார் ஒச்சப்பன். சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாகச் சின்னக்கண்ணுவிடம் வந்தார்கள். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். புவனேஸ்வரி சின்னக் கருவி ஒன்றை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மூச்சில் வருகிற கார்பன்கூட சராசரியைவிடக் குறைவு என்றார். மோகன்குமார் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"இந்த வயசுல எவ்வளவு கட்டுப்பாடு பாருங்க," என்றார்.

"கட்டுப்பாடு இல்ல சார்," என்றாள் சின்னக்கண்ணு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வர மாட்டேங்குது."

பதினைந்து நாளில் அவர்கள் சமநிலைக் குடும்பம் என்று அறிவிக்கப்பட்டார்கள். வாசலில் பத்தடி உயரத்துக்குப் பலகை வைத்தார்கள். அதன் உச்சியில் ஒரு சூரியத் தகடு. பொழுது சாய்ந்ததும் பலகையைச் சுற்றி விளக்கு எரியும், 'இந்த இல்லம் மின்சாரம் பயன்படுத்துவதில்லை' என்ற எழுத்து நத்தம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். ஒச்சப்பன் முட்டாள் இல்லை. அந்தத் தகடு மாதிரி நாலைந்தை வீட்டுக் கூரையில் போட்டால் பெட்டி ஓடுமா என்று கேட்கச் சொல்லி என்னை வாரியத்துக்கு அழைத்துப் போனார். ஓடும், ஆனால் முடியாது என்றார்கள். சூரிய ஒளி பட்டாலும் மின்சாரம் மின்சாரம்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அது மின்வசதி பெற்ற குடும்பம், சமநிலையிலிருந்து விலக்க வேண்டும். விலக்கினால் மில்லின் மின் நிலையம் நின்றுபோகும், இரண்டாயிரம் பேர் வேலை போகும். ஒரு பெட்டிக்காக இரண்டாயிரம் பேர் வயிற்றில் அடிக்கலாமா என்று மோகன்குமார் கேட்டார். ஒச்சப்பன் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வெளியே வந்தபின் என்னிடம், மின் நிலையம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லையே, அந்த இரண்டாயிரம் பேர் இப்போது எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். இதை உள்ளேயே கேட்டிருக்கலாமே என்றேன். ஏசிக் குளிரில் பல் கிட்டிவிட்டது, பேச வாய் வரவில்லை என்றார்.

அப்புறம் டீக்கடை. சின்னக்கண்ணுவின் பெட்டி தினமும் சைதூன் கடையில் ஓடுகிறது என்று யாரோ வாரியத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சைதூன் புருஷன் இல்லாமல் தனியாகக் கடை நடத்துகிற பெண். ஒரு பாய்லர், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு பெஞ்சு. சமநிலைக் குடும்பம் மறைமுகமாக மின்சாரம் பயன்படுத்த உடந்தையாக இருப்பதாக அவளுக்கு நோட்டீஸ் வந்தது. ஃபிரிட்ஜை எடுத்து ஈடுகட்டு, இல்லாவிட்டால் பெட்டியை நிறுத்து, இரண்டும் செய்யாவிட்டால் கடை இணைப்பைத் துண்டிக்கப் பரிந்துரைப்போம் என்று எழுதியிருந்தது.

நோட்டீஸ் கொண்டுவந்தவனிடம் சைதூன் சொன்னதை நான் காதால் கேட்டேன். "அந்தக்கா மூச்சு விடுறதுக்கு நான் பில்லு கட்டுறேன். ஒங்க ஆபீசரு குளுகுளுன்னு ஒறங்குறதுக்கு யாருய்யா பில்லு கட்டுறது?" என்றாள். கையெழுத்துப் போடாமல் பால் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

ஆனால் சின்னக்கண்ணு மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. தன்னால் அந்தப் பிள்ளை பிழைப்பு கெடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சைதூன் நேரில் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. பகலிலும் பெட்டி வீட்டில் சும்மா கிடந்தது. ஒச்சப்பன் வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, அவளுக்கு முதுகு கொடுத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் ஒன்பது மறு மனு எழுதினேன். இந்தத் தடவை இல்லை என்று எதையும் எழுதவில்லை. இழுப்பு இருக்கிறது, நீலம் பாரித்த உதடு இருக்கிறது, நாலு மாதத் தூக்கம் பாக்கி இருக்கிறது என்று எழுதினேன். சமநிலைக் குடும்பத்தின் பெயரால் எழுதப்பட்ட மனுக்களை விழா மலரில் வெளியிட அனுமதி கேட்டுப் பதில் வந்தது.

விழா ஒச்சப்பன் நிலத்திலேயே நடந்தது. மொச்சைக் கொடியைப் பிடுங்கி, பந்தல் போட்டு, நான்கு பக்கமும் துணி கட்டி, உள்ளே பெரிய பெரிய ஏசி வைத்தார்கள். சென்னையிலிருந்து, வாரியத்துக்கு மேலதிகாரியான ஆணையர் வருகிறார். ஒரே மேடையில் இரண்டு காரியம்: ஆணையர் ஒரு பொத்தானை அழுத்தினால் மில்லின் மின் நிலையம் ஓட ஆரம்பிக்கும், அடுத்த நிமிஷம் சமநிலைக் குடும்பத்துக்குக் கேடயம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லாரி ஜெனரேட்டர் வந்து நின்றது. ஓட்டுகிற பையன் பெயர் கண்ணன். மைக்செட்டும் அவனுடையதுதான். ஜெனரேட்டர் புகைக்குப் புவனேஸ்வரி தனியாக அனுமதி கொடுத்திருந்தார்: தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து நாட்டுப்பண் வரை. நாட்டுப்பண் முடிந்த பிறகு ஒரு வினாடி ஓடினாலும் அது விழாப் புகை ஆகாது, வெறும் புகையாகிவிடும். ஈடுகட்ட இருபது மரக்கன்று கொண்டுவந்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, அடுத்த விழாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

பக்கத்து ஊர்களிலிருந்து முந்நூறு பேரை வேனில் கூட்டி வந்திருந்தார்கள். விழா முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து ஆணையர் பொத்தானை அழுத்தினார். ஒரு பக்கத் துணியை விலக்கிக் காட்டினார்கள்; இரண்டு பர்லாங்குக்கு அப்பால் மில்லின் புகைபோக்கி முதல் தடவையாகக் கறுப்பாய் ஒரு மூச்சு விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து சின்னக்கண்ணுவைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கேடயத்தைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு சங்கடம் வந்தது. அவளுக்கு இழுக்கிற சத்தம் மைக்கில் விழுந்தது. மோகன்குமார் வரவேற்புரையை ஆரம்பித்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அந்த விசில் கேட்டது. ஆணையர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இதை நிறுத்த வழி உண்டா என்று மோகன்குமார் மேடை ஓரத்தில் நின்ற என்னிடம் வந்து கிசுகிசுத்தார். வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது, சொருகினால் சத்தம் நிற்கும் என்றேன். படத்தில் விழாமல் மேடைக்குப் பின்னால் சொருகிக்கொள்ளச் சொன்னார்.

அப்படித்தான் அது நடந்தது. மேடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டோம். கண்ணன் ஒயர் இழுத்துக் கொடுத்தான். பெட்டி உறும ஆரம்பித்தது. சின்னக்கண்ணு குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. மெதுவாகச் சரிந்து, ஒரு கையைத் தலைக்கு அணை கொடுத்து, படுத்துவிட்டாள். ஒச்சப்பன் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தூங்குறா தம்பி," என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அதைத்தான் மறுபடியும் சொன்னார்.

முன்னால் மோகன்குமார் பேசிக்கொண்டிருந்தார். "வளர்ச்சி வேண்டும் என்கிறார்கள் சிலர். இயற்கை வேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பதுதான் இத்தனை நாள் நாம் செய்த தவறு. நாங்கள் ஆளைப் பிரித்துவிட்டோம். வளர்ச்சி ஒருவருக்கு, சிக்கனம் இன்னொருவருக்கு. யாருக்கும் நஷ்டமில்லை, ஆளுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது." கைதட்டல்.

மில் முதலாளி பேசினார். சின்னக்கண்ணு தன் குடும்பத்தில் ஒருத்தி, பத்தொன்பது வருஷம் தன்னிடம் இருந்தவள் என்றார். "என் வீட்டில் பதினொரு ஏசி. ராத்திரியெல்லாம் குற்ற உணர்ச்சி, தூக்கம் வராது. இந்த அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன்." உண்மையிலேயே நன்றாகத் தூங்கியவர் முகம்தான் அது.

அந்த நேரத்தில்தான் ஒச்சப்பனுக்கு அனுமதியின் நுணுக்கம் புரிந்தது. எப்போது ஜெனரேட்டரை நிறுத்துவாய் என்று கண்ணனைக் கேட்டார். நாட்டுப்பண் போட்டு முடித்ததும் என்றான் அவன். சாயங்காலம் சித்தையன்கோட்டையில் ஒரு காதுகுத்து இருக்கிறது, போக வேண்டும். அவனும் நல்லவன்தான், அவன் குரலில் வருத்தம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒச்சப்பன் செய்ததை நம் நாட்டில் இதற்கு முன் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதிகாரிகளை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லிக் கெஞ்சினார். மேடை ஓரத்தில் நின்று, இறங்க வந்த முதலாளியைக் கும்பிட்டு, "நல்லாருந்துச்சு முதலாளி, இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க," என்றார். முதலாளி நெகிழ்ந்துபோய் இன்னும் இருபது நிமிஷம் பேசினார். தான் ஸ்கூட்டரில் சென்ற காலத்திலிருந்து ஆரம்பித்தார். ஒச்சப்பன் புவனேஸ்வரியிடம், "தாயி, நீயும் நாலு வார்த்த பேசு தாயி," என்றார். அவர் ஆட்டு ஏப்பம் பற்றிப் படம் போட்டு விளக்கினார்.

ஆணையர் ஒரு மணி நேரம் பேசினார். பருவநிலை மாநாடுகளுக்காகப் பதினேழு நாடுகளுக்குப் பறந்திருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் சின்னக்கண்ணுவைப் பற்றி எடுத்துச் சொல்ல பதினான்கு பேர் கொண்ட குழுவோடு பதினெட்டாவது நாட்டுக்குப் போகிறார். "ஒரு பெண்மணி தன் மூச்சையே குறைத்துக்கொண்டிருக்கிறார். நாம் என்ன குறைத்துக்கொண்டோம் என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டும்," என்றார். முன்வரிசையில் சிலர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர் முடிக்கப் போனபோதெல்லாம் ஒச்சப்பன் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். கைதட்டலைக் கேட்டு ஆணையர் மறுபடி ஆரம்பித்தார். அப்படி மூன்று தடவை நடந்தது.

மணி இரண்டானது. மூன்றானது. பிரியாணி வாசனை பந்தலுக்குள் வந்துகொண்டே இருந்தது. முந்நூறு பேரும் பசியில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒச்சப்பனின் சொந்தக்காரி ஒருத்தி, மூக்காயி என்று பெயர், "ஏப்பா, ஒனக்கு மாலை விழுந்ததுல கிறுக்குப் பிடிச்சிருச்சா? முடிக்கச் சொல்லுப்பா, புள்ளைக பட்டினி கெடக்குக," என்று கத்தினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கட்டில் தெரியாது.

கடைசியில் பேச ஆளில்லாமல் போயிற்று. அதிகாரிகளுக்குப் பேச்சு தீர்ந்துபோவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மோகன்குமார் நன்றியுரையையும் சொல்லிவிட்டார். அடுத்து நாட்டுப்பண் என்று அறிவிக்கிற நேரத்தில் ஒச்சப்பன் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்," என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இந்த வருஷம் மொச்சை எத்தனை சால் போட்டார், எதில் பூச்சி விழுந்தது என்று சொன்னார். விற்ற ஆடு இரண்டில் ஒன்று சினை என்றார். நிலத்துக்கு வடக்கே யார் காடு, தெற்கே யார் காடு என்று பத்திரத்தில் படிக்கிற மாதிரி ஒப்பித்தார். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு கூச்சல் போட்டது. அவர் திரும்பித் திரும்பி மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே பேசினார். சின்னக்கண்ணு வாயைத் திறந்து, கால்களை நீட்டி, ஆழமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பில் எச்சில் ஒழுகியிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் ஒச்சப்பன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ தூங்குறா," என்றார். "எல்லாருஞ் செத்த நேரம் இப்படியே இருங்கய்யா."

மோகன்குமார் பக்குவமாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். இந்த எளிய மனிதர் நம்மிடம் கேட்பது அமைதியை என்றார். அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்து விழாவை அமைதியாக நிறைவு செய்வோம் என்று சொல்லிக் கண்ணனுக்குக் கை காட்டினார்.

நாட்டுப்பண் ஒலித்தது. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஆணையர், முதலாளி, மோகன்குமார், புவனேஸ்வரி எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். கண்ணன் இடது கையை உடம்போடு ஒட்டி, வலது கையை ஜெனரேட்டரின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். ஒச்சப்பன் மேடையில் நின்றார். கட்டிலுக்கும் அவருக்கும் எட்டு அடி தூரம் இருக்கும். அசையக் கூடாது என்று அவருக்குத் தெரியும், அசையவில்லை. கண்ணை மட்டும் கட்டிலின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நானும் நின்றேன். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவருக்காகக் கருணை கேட்டு எழுதிய கை, கால்சட்டைத் தையலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த நேரத்தில் நான் ஓடிப் போய்க் கண்ணனின் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கண்ணன் சுவிட்சை அணைத்தான்.

கரண்டு போனால் கத்துகிற மாதிரி அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். அது விடாமல் கத்தியது. அந்தச் சத்தத்திலேயே முந்நூறு பேரும் பொட்டலம் வாங்க ஓடினார்கள். கார்கள் கிளம்பின. புவனேஸ்வரி மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அனுமதிக்கு மேல் ஒரு வினாடிகூட ஆகவில்லை என்று கண்ணனைப் பாராட்டிவிட்டு ஏறினார்.

ஒச்சப்பன் இறங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். எழுப்பவில்லை. அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து, கை காற்றில் எதையோ தேடி, கண் திறந்தது. தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தான்," என்றார் ஒச்சப்பன். பிறகு கட்டிலில் ஏறி, அவள் சாய்ந்துகொள்ளத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.